அடித்தல் திருத்தல்

தாகூரின் 150ஆவது பிறந்த ஆண்டையொட்டிக் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார்கள். தாகூர் எழுதிய ஒவ்வொன்றுக்கும் கைப்பிரதி, இதழில் வந்த வடிவம், புத்தக வடிவம், அடுத்தடுத்த பதிப்பு என்று கிடைக்கிற அத்தனையையும் திரட்ட வேண்டும். படமாகச் சேர்க்க வேண்டும். எழுத்தெழுத்தாகப் படியெடுக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒப்பிடும்படி கணினியில் வைக்க வேண்டும். ஷேக்ஸ்பியர் அறிஞரும் பதிப்பியல் சிந்தனையாளருமான சுகாந்த சௌதுரி தலைமை ஏற்றார். இளம் பட்டதாரிகள் பலர் உட்கார்ந்து உழைத்தார்கள். 2013இல் அது பொதுப் பார்வைக்கு வந்தது. வங்கமும் ஆங்கிலமுமாகக் கைப்பிரதிகள் மட்டும் 47,520 பக்கம். அச்சில் வந்தவை 91,637 பக்கம். 'பிசித்ரா' என்று பெயர் வைத்தார்கள்.

அதன் உள்ளே 'பிரபேத்' என்றொரு ஒப்பீட்டு மென்பொருள் இருக்கிறது. ஒரு படைப்பின் வடிவங்களை அது மூன்று படிகளில் ஒப்பிடுகிறது. முதலில் நாடகமென்றால் காட்சி, நாவலென்றால் அத்தியாயம். அதற்குள் போனால் பத்தி, கவிதையாக இருந்தால் செய்யுள். அதற்கும் உள்ளே தனித்தனிச் சொல். எந்தக் காட்சி முழுதாக எடுக்கப்பட்டது, எந்தப் பத்தி இடம் மாறியது, எந்த வரியில் எந்தச் சொல் போய் எது வந்தது என்று வாசகர் தானே பார்த்துக்கொள்ளலாம்.

கொல்கத்தாவின் சால்ட்லேக் ஐந்தாம் செக்டரில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்தத் திரை புதிதாக இல்லை. எங்கள் தொழிலில் காலை முதல் மாலை வரை கண்ணெதிரே நிற்பது அதுதான். பழைய கோப்பு ஒரு பக்கம், புதிய கோப்பு ஒரு பக்கம். போன வரி சிவப்பில், வந்த வரி பச்சையில். இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு வேறுபட்ட வரிகளை மட்டும் எடுத்துச் சொல்லும் 'டிஃப்' என்ற நிரலை பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கினார். அதே ஆய்வகத்தில் 1972இல் மார்க் ராச்கைண்ட், ஒரு கோப்பின் எல்லா நிலைகளையும் சேமித்து வைக்கும் முதல் அமைப்பைச் செய்தார். பிறகு பல அமைப்புகள் வந்தன. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் கருநிரலைப் பராமரிக்கத் தனக்கு வேண்டிய வகையில் 'கிட்' என்பதை எழுதினார். இன்று உலகில் எழுதப்படும் மென்பொருளில் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது.

இந்த அமைப்புகளின் வேலை எளிமையானது. ஒருவர் கோப்பைத் திருத்துகிறார். திருத்தம் ஒரு நிலைக்கு வந்ததும் 'கமிட்' போடுகிறார். யார் திருத்தினார், எப்போது திருத்தினார், எந்த வரி போய் எந்த வரி வந்தது என்பதெல்லாம் அப்போது பதிவாகிவிடும். கூடவே, எதற்காகத் திருத்தினேன் என்று அவர் தன் சொல்லில் ஒரு வரி எழுத வேண்டும். முதல் மூன்றையும் கருவி தானாகப் பார்த்துக்கொள்கிறது. நான்காவதை மனிதர்தான் எழுத வேண்டும். ஒரு தொழிலின் பழக்கத்தை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால் இந்த நான்காவதைத்தான் சொல்வேன். தாகூரின் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்களிலும் குறைவது அந்த ஒன்றுதான்.

*

தாகூர் 'ரக்தகரபி' நாடகத்தை 1923இல் ஷில்லாங்கில் எழுதத் தொடங்கினார். முதலில் அதன் பெயர் 'யக்ஷபுரி'. பிறகு 'நந்தினி' ஆயிற்று. 1924இல் 'பிரபாசி' இதழில் வந்தபோது 'ரக்தகரபி'. 1926இல் புத்தகம். நடுவில் பல கைப்பிரதிகள். பொன் தோண்டும் நகரின் பெயரில் பிறந்த நாடகம், அந்நகருக்குள் வரும் பெண்ணின் பெயருக்கு நகர்ந்து, கடைசியில் அவள் சூடும் செவ்வரளிப் பூவின் பெயரில் வந்து நின்றது. வலையின் பின்னால் ஒளிந்திருக்கும் அரசனிடமிருந்து அவனை வெளியே அழைக்கும் நந்தினியிடம் நாடகத்தின் கனம் இடம் மாறிய கதையை இந்த மூன்று பெயர்களே பாதி சொல்லிவிடுகின்றன.

இங்கே எங்கள் தொழிலில் அன்றாடம் வரும் ஒரு கேள்வி எழுகிறது. பெயர் மாறி, உள்ளேயும் மாறிய கோப்பு பழைய கோப்புதானா, இல்லை புதிதா? கிட் பெயர்மாற்றத்தைத் தனியாகக் குறித்து வைப்பதில்லை. பழைய பெயரில் ஒன்று காணாமல் போயிருக்கிறது, புதுப் பெயரில் ஒன்று வந்திருக்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பின்னால் யாராவது கேட்டால், இரண்டின் உள்ளடக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பாதிக்குமேல் ஒத்துப்போனால் பெயர் மாறிய கோப்பு என்று கொள்ளும். குறைந்தால் ஒன்று அழிந்தது, வேறொன்று பிறந்தது என்று சொல்லிவிடும். அதனால்தான் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், பெயரை மட்டும் மாற்றி ஒரு கமிட் போடு, உள்ளே கைவைப்பதை அடுத்த கமிட்டில் வைத்துக்கொள் என்று சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் கோப்பின் பழைய வரலாற்றோடு தொடர்பு அறுந்துவிடக்கூடும்.

படைப்பாளி அப்படிப் பிரித்துக்கொண்டு வேலை செய்வதில்லை. பெயரும் உடலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு மாறுகின்றன. தாகூரிடம் இது வாழ்நாள் முழுவதும் நடந்தது. 1883இல் வந்த 'பௌ டாகுராணீர் ஹாட்' நாவல் 1909இல் 'பிராயச்சித்த' நாடகமாயிற்று. அது 1929இல் 'பரித்ராண்' ஆயிற்று. 1889இன் 'ராஜா ஓ ராணி' நாற்பது ஆண்டு கழித்து 'தபதி'யாக வந்தது. 1910இன் 'ராஜா' 1920இல் 'அரூபரதன்' ஆனது. பழையது எதுவும் இதனால் ரத்தாகிவிடவில்லை. 'ராஜா'வும் இருக்கிறது, 'அரூபரதன்'னும் இருக்கிறது, இரண்டையும் மேடையேற்றுகிறார்கள். ஒரே அடிமரத்திலிருந்து கிளை பிரிந்து இரண்டும் தழைத்து நிற்கின்றன. பாதிக்குமேல் ஒற்றுமை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் வேறு என்ற கணக்கு இங்கே செல்லாது. வாசகர் ஒவ்வொரு இணையையும் படித்துத் தானே முடிவுசெய்ய வேண்டும். பிசித்ராவின் பெரிய கொடை, அந்த முடிவை அறிஞர் குழுவே எடுத்துக் கையில் கொடுத்துவிடாமல், முடிவெடுக்கத் தேவையானதையெல்லாம் வாசகர் முன் வைத்தது.

*

ஒப்பிடுவது எளிதல்ல. சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் கருவியை நம் மொழிகளில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 'கொல்கத்தா' என்று இரண்டு கோப்புகளில் இருக்கிறது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. கருவி மட்டும் இரண்டும் வேறு என்று சிவப்பும் பச்சையும் காட்டுகிறது. காரணம் முதல் எழுத்தில் இருக்கிறது. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். எந்த விசைப்பலகையில் அடித்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். வங்கத்தின் ஓகாரக் குறிக்கும் இதே கதைதான். ஆகவே ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒரே வகைக் குறியீட்டுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். அதைச் செய்யாமல் ஒப்பிட்டால், மாறாத ஆயிரம் சொற்களின் நடுவே மாறிய ஒரு சொல் புதைந்துபோகும்.

இது இயந்திரச் சிக்கல், தீர்த்துவிடலாம். அடுத்தது அப்படிப்பட்டதல்ல. 1936இல் கல்கத்தா பல்கலைக்கழகம் வங்க எழுத்துமுறைக்கு விதிகள் வகுத்தது. ரகர ஒற்றையடுத்து இரட்டித்து எழுதிய மெய்யை ஒற்றையாக எழுதலாம் என்பது போன்ற மாற்றங்கள் அதில் வந்தன. தாகூரும் அதற்கு ஒப்புதல் தந்தார். அதற்கு முன்னும் பின்னும் அச்சான பதிப்புகளை ஒப்பிட்டால் ஏராளமான சொற்கள் வேறு வேறு உருவில் கிடக்கும். அவற்றைக் கவிஞர் செய்த திருத்தம் என்று எண்ணலாமா? அச்சகத்தின் பழக்கம் என்று ஒதுக்கலாமா? ஒதுக்கினால், ஓசைக்காகவே வேண்டுமென்று பழைய உருவை வைத்துக்கொண்ட ஓரிடமும் அதோடு போய்விடும். எது வேறுபாடு, எது வேறுபாடு இல்லை என்ற முடிவு கருவி ஓடத் தொடங்குவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. எடுப்பவர் பதிப்பாசிரியர். அந்த முடிவும் எழுதிவைக்கப்பட வேண்டும்.

பிறகு, தாகூரின் அடித்தல்கள். அவர் ஒரு சொல்லை அடித்தால் கோடு போட்டுவிட்டு நகர்வதில்லை. அடித்த இடத்தை மை கொண்டு நிரப்புவார். இந்த வரியில் அடித்ததையும் இரண்டு வரி தள்ளி அடித்ததையும் ஒரு வளைகோட்டால் இணைப்பார். மேலே ஒரு மூக்கு முளைக்கும், கீழே ஒரு கால் நீளும், ஒரு பறவையோ பெயரில்லாத ஒரு விலங்கோ பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். எஞ்சிய வரிகள் அதன் உடலைச் சுற்றி ஓடும். 1924இன் இறுதியில் அர்ஜென்டினாவில் எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போவின் விருந்தினராகத் தங்கியிருந்தபோது 'பூரபி' கவிதைகள் எழுதிய நோட்டில் இவற்றைக் கண்டு ஒகாம்போ வியந்தார். 1930 மே மாதம் பாரிசில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடக்க அவரே காரணமாக இருந்தார். கவிஞர் தம் அறுபதுகளில் ஓவியரானது அடித்தல்களின் வழியாகத்தான்.

படியெடுக்க உட்கார்ந்த இளைஞருக்கு இந்தப் பக்கம் என்ன பாடு படுத்தியிருக்கும்! மையின் அடியில் சொல் இருக்கிறது. சில இடங்களில் படிக்கலாம், சில இடங்களில் முடியாது. படிக்க முடிந்ததை அடிக்கப்பட்ட சொல் என்று குறிக்க வேண்டும். மேலே சொருகியதைச் சொருகல் என்று குறிக்க வேண்டும். சொருகிப் பின் அடித்ததை அதற்கேற்பக் குறிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு இதைச் செய்தார்கள். நாங்கள் ஒரு விசையைத் தட்டிப் பெறும் வரலாற்றை அவர்கள் கண்ணால் தோண்டி எடுத்தார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ஒருமுறையேனும் அந்தப் பக்கங்களைப் பார்க்க வேண்டும். எவ்வளவு பெரிய வசதி கையில் இருக்கிறது என்பது அப்போது தெரியும்.

*

கையில் ஒரே பிரதி இருப்பதன் ஆபத்தும் தாகூரின் வாழ்க்கையில் வந்துபோனது. 1912இல் கீதாஞ்சலியின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு லண்டன் போனார். பெட்டி மகன் ரதீந்திரநாத்தின் பொறுப்பில் இருந்தது. பாதாள ரயிலில் அதை அவர் விட்டுவிட்டு இறங்கிவிட்டார். மறுநாள்தான் தெரிந்தது. தொலைந்த பொருள் அலுவலகத்துக்கு ஓடினார். பெட்டி அங்கே பத்திரமாக இருந்தது. ரதீந்திரநாத்தே தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த ஆண்டே இந்தியா சொசைட்டி 750 படிகள் அச்சிட்டது. மறு ஆண்டு நோபல் பரிசு.

கிட்டுக்கு முன்பிருந்த பல அமைப்புகளில் முழு வரலாறும் ஒரே சர்வரில் இருக்கும். வேலை செய்பவர் கையில் அன்றைய நிலை மட்டும் இருக்கும். கிட்டில் ரெப்போ எனப்படும் சேமிப்பகத்தைப் படியெடுத்தவர் ஒவ்வொருவரிடமும் தொடக்கம் முதலான வரலாறு முழுவதும் போய்ச் சேர்கிறது. ஓரிடம் எரிந்தாலும் இன்னோரிடத்திலிருந்து அப்படியே மீட்கலாம். ஓலைச்சுவடிக் காலத்தில் நம் நூல்களைக் காப்பாற்றியதும் இந்த வழிதான். ஒரு மடத்தில் செல்லரித்த ஏடு இன்னொரு ஊரில் ஒரு புலவர் வீட்டுப் பரணில் முழுதாகக் கிடந்தது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பிக்க முடிந்தது, பல ஊர்களிலும் பல பிரதிகள் இருந்ததால்.

பிரதிகள் பலவாக இருந்தால் அவை முரண்படவும் செய்யும். கிட்டில் இரண்டு பேர் ஒரே வரியை வேறு வேறாகத் திருத்தியிருந்தால், இணைக்கும் நேரத்தில் கருவி நின்றுவிடும். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டி, நீ முடிவுசெய் என்று கேட்கும். நாங்கள் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை நீக்குவோம். உ.வே.சா. தாம் தேர்ந்த பாடத்தை மேலே வைத்தார், தேராததை அடிக்குறிப்பில் (பி-ம்.) என்று போட்டுக் காத்தார். பிரதிபேதம் என்பதன் அந்தச் சுருக்கக் குறி அவர் பதிப்புகளைப் படித்தவர்களுக்குக் கண்ணில் பதிந்தது. தம் தீர்ப்பு தவறாக இருந்தால், வருகிறவர் திருத்திக்கொள்ளட்டும் என்று வாசலைத் திறந்து வைத்த பண்பு அது.

*

கல்கத்தாவில் வாழ்ந்த இன்னொரு கவிஞர் ஜீவனானந்த தாஸ். 1954 அக்டோபரில் டிராம் மோதி, அதே மாதம் மருத்துவமனையில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற டிரங்குப் பெட்டிகளில் யாருக்கும் காட்டாத கவிதைகள், கதைகள், முழு நாவல்கள் இருந்தன. அந்தக் கைப்பிரதிகள் இன்று கொல்கத்தா தேசிய நூலகத்தில் இருக்கின்றன. மருத்துவரும் கவிஞருமான பூமேந்திர குஹா அந்த நோட்டுகளைப் படித்தறிவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். வங்கத்தில் பலருக்கு மனப்பாடமான 'ரூபசி பாங்ளா' தொகுப்பு, கவிஞர் இறந்தபின் 1957இல் வந்தது. அந்தத் தலைப்பு அவர் வைத்ததல்ல. கைப்பிரதியை அப்படியே அச்சிட்டுப் பார்த்தபோது, பல வரிகளும் நூலில் இருந்தவற்றிலிருந்து வேறுபட்டன. 1957இன் பதிப்பு அன்பினால் செய்த வேலைதான், சந்தேகமில்லை. அந்தப் பதிப்பு வந்திராவிட்டால் வங்கம் அந்தக் கவிதைகளை இழந்திருக்கும். ஆனாலும் மக்கள் மனத்தில் பதிந்தவற்றில் எது கவிஞருடையது, எது பிறர் கைபட்டது என்பது பல ஆண்டுகள் தெரியாமலே இருந்தது.

கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும் இரண்டு பெயர்கள் பதிவாகின்றன. எழுதியவர் ஒருவர், அதை ரெப்போவுக்குள் சேர்த்தவர் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆளாக இருப்பதால் நாங்கள் கவனிப்பதில்லை. லினக்ஸ் போன்ற பெரும் திட்டங்களில் எங்கோ ஒருவர் எழுதியனுப்பியதை இன்னொருவர் சரிபார்த்துச் சேர்ப்பதால் அந்தப் பிரிவு ஏற்பட்டது. எழுதியவரின் மதிப்பும் போகக்கூடாது, சேர்த்தவரின் பொறுப்பும் மறையக்கூடாது என்பது அதன் நோக்கம். பதிப்புத் துறைக்கு இதைவிட ஏற்ற ஒழுக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆங்கில கீதாஞ்சலியை ஐரிஷ் கவிஞர் யேட்ஸ்தான் எழுதிக்கொடுத்தார் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு கிளம்பியது. தாகூர் தம் கையால் எழுதி ஓவியர் ரோதன்ஸ்டைனிடம் கொடுத்த நோட்டு ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருப்பதால் அந்தப் பேச்சுக்கு ஓர் எல்லை கட்ட முடிகிறது. கைப்பிரதியையும் அச்சையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவருக்கு அந்த ஆங்கிலம் யாருடையது என்பதில் ஐயம் வராது.

*

எல்லாவற்றையும் காக்க வேண்டுமா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. 1939இல் விசுவபாரதி தாகூரின் முழுத் தொகுதிகளை வெளியிடத் தொடங்கியபோது, தம் இளமைக்கால எழுத்துகள் பலவற்றை அதில் சேர்க்க அவருக்கு மனமில்லை. ஆனாலும் அவை 'அசலித சங்கிரகம்' என்று தனித் தொகுதிகளாக 1940இலும் 1941இலும் வந்தன. விலக்கியவை, வழக்கில் இல்லாதவை என்ற பெயரோடே அச்சேறின. எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் விலக்கியதை வாசகர்கள் விடவில்லை.

கிட்டிலும் அழித்த கோப்பு அழிவதில்லை. இன்றைய நிலையில் அது இருக்காது, வரலாற்றில் இருக்கும். யாராவது ஒருவர் கடவுச்சொல்லைத் தவறுதலாகக் கோப்பில் வைத்துக் கமிட் போட்டுவிட்டால், அடுத்த கமிட்டில் அழித்துப் பயனில்லை. பழைய நிலைக்குப் போய் யாரும் எடுத்துப் படிக்கலாம். வரலாற்றையே திருத்தி எழுதும் வழி இருக்கிறது. ஆனால் அதற்குள் படியெடுத்துப் போனவர்கள் கையில் பழையது இருக்கும். எனவே கடவுச்சொல்லையே மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்வோம். எவையெவை ரெப்போவுக்குள் வரவே கூடாது என்று முன்கூட்டியே பட்டியல் எழுதிவைக்கும் வழக்கம் இதற்கும் உதவுகிறது.

எழுத்தாளருக்கும் அந்த உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். பிறர் பார்க்கக்கூடாது என்று நினைப்பதை அவர் சேமிப்புக்குள் விடாமலிருக்கலாம். கடிதத்தைக் கிழிக்கலாம், டைரியை எரிக்கலாம். ஆனால் அச்சுக்குக் கொடுத்து, வாசகர் கைக்குப் போய்ச் சேர்ந்த ஒன்றைத் திருத்தும்போது நிலைமை வேறு. அப்போது பழையது இருந்ததென்பதை மறைக்கும் உரிமை அவருக்கில்லை. அவருக்கே இல்லாத உரிமை, அவர் இறந்தபின் அவர் நூலை அச்சிடுகிறவருக்கு எங்கிருந்து வரும்?

*

இந்தக் கேள்வியைத் தமிழில் உரக்கக் கேட்க வேண்டியிருக்கிறது. தமிழக அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. நல்ல காரியம். யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், மலிவாக மக்களிடம் சேர்க்கலாம். ஆனால் அப்படி அச்சாகும் பதிப்புகளில் எத்தனை, எந்த மூலத்திலிருந்து எடுத்தோம் என்று சொல்கின்றன? ஒரு பதிப்பகம் சந்தியைச் சேர்க்கிறது, இன்னொன்று பிரிக்கிறது. ஒருவர் பத்தியைப் பிரிக்கிறார், வேறொருவர் வட்டாரச் சொல்லைப் பிழையென்று எண்ணித் 'திருத்தி'விடுகிறார். ஒரே நூல் பத்துக் கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது. எந்தக் கிளை எங்கே பிரிந்தது என்பதற்குத் தடயமில்லை. பத்து ஆண்டு கழித்து வருகிற மாணவர் கையில் கிடைத்ததையே மூலம் என்று நம்பி ஆராய்ச்சி எழுதுகிறார்.

செய்ய முடியாததல்ல இது. புதுமைப்பித்தன் கதைகளை ஆ.இரா. வேங்கடாசலபதி 2000இல் காலவரிசைப்படுத்தி, பாடவேறுபாடுகளுடன் பதிப்பித்துக் காட்டினார். ஒரு கதை இதழில் எப்படி வந்தது, தொகுப்பில் எப்படி மாறியது என்று பார்க்கிறபோது புதுமைப்பித்தனின் கை வேலை செய்வதையே பார்க்கிறோம். ஆனால் இத்தகைய பதிப்புகள் இன்னும் விதிவிலக்குகளாகவே இருக்கின்றன.

நிலத்துக்கு நாம் காட்டும் கவனத்தை நினைத்துப் பார்க்கலாம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பத்திரத்தில் அடித்தலோ திருத்தலோ இடைச்செருகலோ இருந்தால், எழுதிக்கொடுத்தவர் அந்த இடத்தில் கையொப்பமிட்டு உறுதிசெய்யாதவரை அதைப் பதிவுக்கு ஏற்க மறுக்கலாம் என்கிறது. ஏற்றுக்கொண்டால் அந்தத் திருத்தத்தைப் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும். அரை சென்ட் நிலத்துக்கு இந்தப் பாதுகாப்பு. ஒரு தலைமுறை உயிரைக் கொடுத்து எழுதிய கதைக்கு ஒன்றுமில்லை.

*

கையொப்பமும் தேதியும் இருந்தால் போதுமா? எங்கள் அலுவலக ரெப்போவில் பழைய நிரல் ஒன்றில் ஒரு வரி இருக்கிறது. கணக்கு முடிந்தபின் முப்பத்தைந்து விநாடி காத்திருக்கச் சொல்லும் வரி. யார் எழுதினார் என்று தெரியும், எந்த நாளில் என்று தெரியும், அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதும் தெரியும். கமிட்டில் எழுதியிருப்பது 'ஃபிக்ஸ்' என்ற ஒரே சொல். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எதைச் சரிசெய்ய அந்தக் காத்திருப்பு? ஏன் முப்பதில்லை, நாற்பதில்லை? எடுத்துவிட எவருக்கும் துணிவில்லை. காரணம் தெரியாத வரி தெய்வக் கட்டளை போல அங்கேயே நிற்கிறது. அதே கோப்பில் இன்னொரு திருத்தம். 'மாதக் கடைசி இரவில் எதிர்முனையிலிருந்து கோப்பு தாமதமாக வருவதால் இரண்டு முறை முயல்கிறோம். அங்கே சரியானதும் இதை எடுத்துவிடலாம்' என்று எழுதியிருக்கிறது. அதை எழுதியவரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அவரோடு நான் சேர்ந்து வேலை செய்கிறேன்.

தாகூர் 'யக்ஷபுரி' என்ற பெயரை ஏன் விட்டார் என்பதற்கு ஆய்வாளர்கள் நல்ல விளக்கங்கள் தருகிறார்கள். எல்லாம் வரைவுகளிலிருந்து ஊகித்தவை. ஊகத்துக்கு இடமிருப்பதும் இலக்கியத்துக்கு நல்லதே. கவிஞர் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் எழுதிக்கொண்டு உட்கார வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எழுதும் வேகத்தில் காரணம் அவருக்கே தெரியாமலும் இருக்கும். பதிப்பாசிரியரும் பதிப்பகமும் அந்தச் சலுகையைக் கோர முடியாது. அவர்கள் ஒரு சொல்லைத் தொடும்போது காரணத்தோடுதான் தொடுகிறார்கள். அந்தக் காரணத்தைச் சொல்லுவது அவர்கள் கடமை.

ஆகவே நான் கேட்பது பெரிய திட்டமல்ல. பிசித்ரா போன்ற ஒன்றைத் தமிழுக்குச் செய்ய ஒரு பல்கலைக்கழகமும் அரசு நிதியும் வேண்டும். அது என்றாவது வரட்டும், பாரதியிலிருந்து தொடங்கட்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று உண்டு. மறுபதிப்பாகும் ஒவ்வொரு தமிழ் நூலின் கடைசியிலும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். எந்தப் பதிப்பை மூலமாகக் கொண்டோம், எங்கே என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம், மாற்றியவர் யார் என்று அதில் இருக்கட்டும். ஒன்றும் மாற்றவில்லையென்றால் அதையே எழுதலாம். இன்று உயிரோடு எழுதுகிறவர்கள் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் திருத்தம் செய்யும்போது முன்னுரையில் ஒரு வரி சேர்க்கலாம். கணினியில் பழைய கோப்பின் மீதே எழுதி அழிக்காமல், வரைவுகளைத் தேதியிட்டு இரண்டு இடங்களில் வைக்கலாம். இதற்கு கிட் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடுத்து வருகிறவரும் இதே பிரதியில்தான் கைவைக்கப்போகிறார் என்ற நினைப்பு இருந்தால் போதும்.